இலவசத்தின் மாறும் செலவு

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் நிலையான செலவு, மாறும் செலவு பற்றி சார் நடத்திக்கொண்டிருந்தார். உதாரணம் கேட்டபோது எல்லோரும் தீப்பெட்டி ஆலை, பிஸ்கட் கம்பெனி என்று சொல்ல, நான் மட்டும் மேதாவி மாதிரி எழுந்து, "மெசேஜ் ஆப் சார்! அதுல மாறும் செலவே கிடையாது. ஒரு ஆள் கூடுதலா சேர்ந்தா அஞ்சு பைசா ஆகாது" என்றேன். "கணக்கு எங்கப்பா?" என்றார். முழித்தேன் :)

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், நான் சொன்னது பாதி சரி, பாதி தப்பு.

முதலில் சரியான பாதி. 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது, அதை மாதம் 45 கோடி பேர் பயன்படுத்தினார்கள். இன்ஜினியர்கள் வெறும் 32 பேர்! டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்காக எரிக்சனில் உருவான எர்லாங் மொழியில் சர்வரை எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு குட்டி பிராசஸ். ஒன்று விழுந்தால் மற்றது விழாது. ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்க முடிந்ததாக 2012 ஜனவரியில் அறிவித்தார்கள். போய்ச் சேர்ந்த மெசேஜை சர்வரில் வைத்துக்கொள்வதும் இல்லை. அதனால் இடச்செலவும் மிச்சம்.

இப்போது தப்பான பாதி. புதிதாகச் சேரும்போது ஒரு எண் எஸ்.எம்.எஸ்.-ஸில் வருமே, அதற்குக் காசு! தொலைபேசிக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். ஆள் சேரச் சேர ஏறும். அக்மார்க் மாறும் செலவு. ஆரம்பத்தில் கூட்டம் தாங்காமல், வளர்ச்சியைக் குறைப்பதற்காகவே வாட்ஸ்அப்பைக் கட்டண ஆப்பாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 2023-ல் சிக்னல் வெளியிட்ட கணக்கில் சர்வருக்கு ஆண்டுக்கு சுமார் 29 லட்சம் டாலர், பதிவு எஸ்.எம்.எஸ்.-ஸுக்கோ 60 லட்சம். எஸ்.எம்.எஸ்.-ஸை ஒழித்த ஆப்கள் எஸ்.எம்.எஸ்.-ஸுக்கே கப்பம் கட்டுகின்றன!

மறுநாள் சாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, இதை யார் கட்டுறா?" என்றார்.

வாட்ஸ்அப் ஆண்டுக்கு 1 டாலர் கேட்டது. 2016-ல் அதையும் விட்டது. விளம்பரமே வேண்டாம் என்றிருந்த ஆப்பில் 2025-ல் ஸ்டேட்டஸ் பக்கம் விளம்பரம் வந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் வெளியேறி, 2018-ல் சிக்னல் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். சிக்னல் ஓடுவது நன்கொடையில்.

இரண்டிலும் நான் இருக்கிறேன். இரண்டுக்கும் இதுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. சாரின் கேள்விக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதுவீர்கள்?