நத்தாருக்கு மட்டும் வரும் நாய்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரம் எங்கள் பாடசாலை மதிலோரம் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், குட்டி போட்ட நாய் ஒன்றுக்கு நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். ஒருவன் மட்டும் கையிலிருந்த பணிஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறான்.

"டீச்சர், நாய்க்குச் சாப்பாடு குடுத்தா பாவமா?"

இடைவேளை முடிந்ததும் பாடத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த ஹதீஸைச் சொன்னேன். தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்காக ஒரு மனிதர் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். அதற்காகவே அல்லாஹ் அவரை மன்னித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி. குட்டி போட்ட நாய் கடிக்கும், கிட்டப் போகக் கூடாது, தூரத்தில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இந்த ஹதீஸை நான் சின்ன வயதில் குர்ஆன் மத்ரசாவிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அதை எனக்கு விளங்கப்படுத்தியது கல்லடியில் இருக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்தக் கதையைத்தான் இன்று எழுத வந்தேன். அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள்.

கல்வியியற் கல்லூரியில் நானும் அவளும் ஒரே அறை. இரண்டு வருட விடுதி வாழ்க்கை. நான் ஸுபஹுக்கு எழும்ப அலாரம் வைத்தால் முதலில் விழிப்பது அவள்தான். "எழும்பு மச்சி, உன்ட நேரம்" என்று தட்டி எழுப்பிவிட்டு மறுபடி தூங்குவாள். என் ஆங்கிலம் மோசம். வாசித்துப் பழகு என்று ஒரு நாவலைத் தந்தாள். கிறெக் கின்கெய்ட் எழுதிய 'எ டோக் நேம்ட் கிறிஸ்மஸ்'. 2008இல் வந்த புத்தகம். அடுத்த வருடமே அமெரிக்கத் தொலைக்காட்சியில் படமாகவும் வந்தது.

கதை சின்னது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு. டொட் என்ற இளைஞனுக்கு மனவளர்ச்சி கொஞ்சம் குறைவு. நாய்க் காப்பகம் ஒன்று நத்தார் நாட்களுக்கு மட்டும் நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு ஆசைப்படுகிறான். தகப்பன் ஜோர்ஜ் வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்தவர். நாய் என்றாலே அவருக்குப் பழைய இழப்புகள் ஞாபகம் வரும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதிக்கிறார். டிசம்பர் 26 அன்று நாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தத் திகதியை வாசித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் மருதமுனைக்காரி. 2004 டிசம்பர் 26 காலையில் என் சாச்சியைக் கடல் கொண்டு போனது. எனக்கு அப்போது 16 வயது. இலங்கையில் அன்று சுமார் 35,000 பேர் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில்தான் ஆகக் கூட.

"இந்தத் திகதிக்காகத்தான் உனக்கு இதைத் தந்தேன்" என்றாள் அவள். அன்றிரவு விளக்கை அணைத்த பிறகுதான் தன் கதையைச் சொன்னாள்.

அவர்களிடம் ஜிம்மி என்று ஒரு நாய். அவளுடைய அம்மாவின் செல்லம். 2004 நத்தாருக்கு வீட்டுக்கு ஆட்கள் வந்து போனார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு ஜிம்மி வெருண்டு ஓடியது. அப்பா பிடித்துப் பின்வளவில் சங்கிலியால் கட்டினார். அடுத்த நாள் ஞாயிறு. அப்பாவும் இவளும் பூசைக்குப் போனார்கள். அம்மா வீட்டில் நின்றா. கடல் வந்தபோது எல்லோரும் வீதிப் பக்கம் ஓட, அம்மா மட்டும் பின்வளவுக்குத் திரும்பி ஓடினா. சங்கிலியைக் கழற்றிவிட்டா. நாய் தப்பியது. அம்மா தப்பவில்லை.

இதைக் கண்டவன் அடுத்த ஒழுங்கைப் பொடியன். தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பியவன். அவனுடைய அண்ணனும் அன்று போய்விட்டான்.

முகாமில் இருந்த அவர்களைத் தேடி நாய் வந்தது. அப்பா அதை அடித்துத் துரத்தினார். "எனக்கு முன்னால அதைக் கொண்டு வராதீங்க" என்றார். நாய் என்ன பிழை செய்தது? கட்டியது அவர்தான். அந்தக் கையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. பொடியன் தனக்குக் கிடைத்த நிவாரணச் சோற்றில் பாதியைப் போட்டு ஜிம்மியைத் தன்னோடு வைத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் நத்தார் இரவு அவர்களுடைய தற்காலிக வீட்டு வாசலில் நாயோடு வந்து நின்றானாம். "அம்மாட நாய், நத்தாருக்கு ஒருக்காப் பாக்கட்டும் எண்டு கூட்டி வந்தன்." அப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். இவள் வாசலில் இருந்து நாயின் தலையைத் தடவி அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு ஜிம்மி வரும், 26 காலையில் அவன் வந்து கூட்டிப் போவான். ஒவ்வொரு வருடமும் அப்பா உள்ளே போவார்.

"நாயைப் பாக்கத்தான் காத்திருந்தன் எண்டு நினைச்சன் மச்சி. எப்ப மாறிச்செண்டு தெரியா" என்றாள்.

பொடியன் சைவம். அப்பாவிடம் பேச இருவருக்கும் தைரியமில்லை.

2011 நத்தாருக்கு என்னை வீட்டுக்கு அழைத்தாள். எங்கள் உம்மம்மா கேட்ட முதல் கேள்வி, "நாய் இருக்கிற வீடாடீ?" வாப்பாதான், "கூட்டாளிட வீடு, போய்ட்டு வரட்டும்" என்றார். காக்காவோடு பஸ் ஏறினேன்.

போனால், நிலம் கழுவிக் காயாமல் கிடக்கிறது. ஒரு அறையில் புதுப் பாய், கவரோடு. "தொழுகைக்கு மகள். நாய் இந்த அறைக்குள்ள வந்ததில்ல" என்றார் அப்பா. சாப்பாடு காத்தான்குடி ஹோட்டலில் எடுத்திருந்தார். பார்சல் பையைப் பிரிக்காமலே மேசையில் வைத்திருந்தார், நாங்கள் கடையின் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு மனிதர் இன்னொருவருடைய மார்க்கத்தை இவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார். நான் அவர்கள் வீட்டுக்கு ஒரு கேக் பெட்டியும் ஒரு பயமும் கொண்டு போயிருந்தேன்.

அஸருக்குப் பிறகு அவன் நாயோடு வந்தான். ஜிம்மிக்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் ஒன்று இழுத்தது. நான் சட்டென்று கதிரையில் கால்களைத் தூக்கிக்கொண்டேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. மெல்ல மெல்ல வந்து, வாசல்படியில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுபவர்களுக்கு நான் எதை நினைத்தேன் என்று விளங்கும். குகைத் தோழர்களின் நாயும் அப்படித்தான் வாசலில் கால்களை நீட்டிக் கிடந்தது. அல்லாஹ் தன் வேதத்தில் இடம் கொடுத்த நாய் அது. நான் தூக்கிய கால்களை மெல்ல இறக்கினேன்.

அன்று அப்பா உள்ளே போகவில்லை. வாசலைப் பார்த்தபடியே இருந்தார். எங்களுக்கு மஃரிபுக்கு முன் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் 26. சாச்சிக்காக வீட்டில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தோம். பிறகு பார்த்தால் அவளிடமிருந்து ஐந்து தவறிய அழைப்பு. எடுத்தால் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். காலையில் பொடியன் நாயைக் கூட்டிப் போக வந்திருக்கிறான். அப்பா சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கவில்லையாம்.

"நாய் இஞ்சயே நிக்கட்டும் தம்பி. பாக்கணுமெண்டா நீ வந்து போ."

ஏழு வருடத்துக்குப் பிறகு அவர் அந்தச் சங்கிலியைத் தொட்டிருக்கிறார். நாவலில் டொட்டின் தகப்பனும் கடைசியில் நாயை மறுபடி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். வாசிக்கும்போது இதெல்லாம் கதையில்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

ஆயர் இல்லத்தில் கலப்புத் திருமணத்துக்கு அனுமதி எடுத்து, படிப்பு முடிந்த பிறகு இருவரும் முடித்தார்கள். ஜிம்மி 2015இல் போனது. பின்வளவில்தான் புதைத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்தபோது நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அழைக்க விரல் வரவில்லை. செய்தவர்கள் என் பெயரைப் போன்ற பெயர் உள்ளவர்கள். என்ன சொல்லி அழைப்பது? கொஞ்ச நேரத்தில் அவளே எடுத்தாள். "நாங்க எல்லாரும் இருக்கம். நீ வெளிய போகாத மச்சி, பத்திரம்." என்னைப் பாதுகாக்க அவள் யோசிக்கிறாள். நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்த வருட நத்தாருக்குப் போவதா விடுவதா என்று ஒரு மாதம் யோசித்தேன். கறுப்பு அபாயாவோடு அந்த ஒழுங்கையில் நடக்கவே பயம். போய்விட்டேன். ஆனால் வாசல்படிக்கு வந்ததும் கால் நகரவில்லை. ஜிம்மி வருடா வருடம் வந்து நின்ற அதே இடம். உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அப்பாதான் கண்டார். முழங்கால் வருத்தத்தோடு எழும்பி வந்தார்.

"ஏன் மகள் வாசலில நிக்கிறாய்? உள்ளுக்கு வா. பாய் விரிச்சுக் கிடக்கு."

வீட்டில் நாய் வளர்க்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நான் ஷாஃபி மத்ஹபில் வளர்ந்தவள். நாயின் எச்சில் பட்டால் ஒரு தடவை மண் சேர்த்து ஏழு தடவை கழுவுவேன். அதில் எனக்குக் குழப்பமில்லை. கழுவச் சொன்ன அதே மார்க்கம்தான் தண்ணீரும் கொடுக்கச் சொன்னது. ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்துவிட்டு மற்றதை நாங்கள் மறந்துவிட்டோம்.

இன்று காலை மதிலோரம் போய்ப் பார்த்தேன். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் பாதிப் பணிஸ். யார் வைத்தது என்று வகுப்பில் கேட்கவில்லை. கேட்டால் மற்றவர்கள் அவனைப் பகிடி பண்ணுவார்கள்.

கல்லடி அப்பாவுக்கும் அவர் குடும்பத்துக்கும் நத்தார் வாழ்த்துகள். இன்ஷா அல்லாஹ், இந்த முறையும் வருவேன். வாசலில் நிற்க மாட்டேன்.