முன் சில்லடியில் ஓர் எண்ணெய்க் கறை



மார்க்க விளக்கம் எழுத வேண்டிய ஒரு மௌலவி மோட்டார் சைக்கிளின் ஒயில் சீல் பற்றி எழுதுகிறாரே, இவருக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை.

ஒரு நாள் சுபஹுக்குப் பின் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: “இஞ்சாருங்க, பைக்கிட முன் சில்லடியில எண்ணெய் சொட்டிக் கிடக்கு. என்னெண்டு பாருங்களேன்.” எஞ்சின் ஒயிலாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். எண்ணெய் எஞ்சினிலிருந்து வரவில்லை, முன் காலில்தான் வடிகிறது, தான் துணியால் துடைத்துப் பார்த்ததாகவும் சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது, “பைக்கைப் பற்றி உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டேன். அவள் பேசாமல் பழைய அட்டையொன்றைச் சில்லடியில் விரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு மௌத்து வீட்டுக்காக இருவரும் சம்மாந்துறைக்குப் புறப்பட்டோம். காரைதீவிலிருந்து வயல்வெளியூடாகச் செல்லும் வீதி. திடீரென ஒரு கன்று குறுக்கே பாய்ந்தது. முன் பிரேக்கை இறுக்கினேன். பிடிக்கவே இல்லை. பின் பிரேக் மட்டும் பிடித்ததில் பின் சில்லு இழுபட்டு, வீதியோரப் பள்ளத்தில் சரிந்தோம். என் மனைவியின் உள்ளங்கை உரசி இரத்தம் கசிந்தது, முழங்கால் வீங்கியது. “நான் சொன்னேனே” என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், சின்னவள் வீட்ட நிண்டது நல்லதாப் போச்சு” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் என்னை அடித்ததைப் போல் எந்தச் சொல்லும் அடித்ததில்லை.

சகோதரிகளே, நடந்தது இதுதான். மோட்டார் சைக்கிளின் முன் சில்லை இரண்டு கால்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு காலிலும், பளபளக்கும் குரோமியக் குழாயொன்று கீழேயுள்ள பருத்த குழாய்க்குள் ஏறி இறங்கும். உள்ளே சுருள் கம்பியும் எண்ணெயும் இருக்கும். எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது ஒரு றப்பர் வளையம். அதுவே ஒயில் சீல். பிரஷர் குக்கரின் றப்பர் இறுகினால் ஆவி வெளியேறுவது போல, இது இறுகினாலோ கிழிந்தாலோ எண்ணெய் வடியும். 2022 இல் பெற்றோல் கிடைக்காத நாட்களில் எங்கள் பைக் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றது. கடற்காற்றின் உப்பு பட்டு, அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு துருப்புள்ளிகள் விழுந்திருந்தன. அவை மேலும் கீழும் உரசி உரசி சீலின் உதட்டைக் கிழித்துவிட்டன. வடிந்த எண்ணெய் பிரேக் தட்டில் இறங்கி, பிரேக் பேட்டுகளை ஊறவைத்துவிட்டது. ஓடும் பைக்கை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உரியது. எங்களுக்கு அதுதான் இல்லாமற் போயிருந்தது.

கராஜில் வேலை நெருக்கடி. அங்குள்ள தம்பி இரண்டு கால்களுக்கும் சீல், போர்க் ஒயில், புதிய பிரேக் பேட் வாங்கச் சொல்லி, வேலையை விளக்கி, சாவிகளையும் இரவல் தந்தார். சனிக்கிழமை நானும் மூத்த மகனும் விறாந்தையில் இறங்கினோம்.

எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து முன் சில்லை உயர்த்தினோம். பிரேக் பகுதியைக் கழற்றி, அதன் குழாயில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். சில்லையும் மட்காட்டையும் எடுத்தோம். கால்கள் பைக்கில் இறுகியிருக்கும்போதே மேல் மூடிகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். அடியிலுள்ள அலன் போல்ட்டையும் சுருள் கம்பியை எடுக்க முன்னரே தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் தண்டு கூடவே சுற்றும். மூடியின் அடியில் சுருள் கம்பி அழுத்திக்கொண்டிருப்பதால், அதை முழுதாகத் திறக்கும்போது முகத்தை விலக்கிக் கொள்வது அவசியம்.

காலுக்குள்ளிருந்து வந்த எண்ணெய் கறுத்து நாற்றமடித்தது. அதைப் போத்தலில் சேர்த்துக் கராஜுக்குக் கொடுத்தோம். கிணறுள்ள வளவில் ஊற்றக் கூடாது. துருப்புள்ளிகளை மிக நுண்ணிய எமரி தாளால் மெதுவாகத் தேய்த்தோம். பழைய சீலைக் கிளப்பிய பின், குழாயின் விளிம்பு புதிய சீலைக் கீறாதிருக்க மெல்லிய பொலித்தீன் பையைச் சுற்றி, எண்ணெய் தடவி, சீலை இறக்கினோம். பழைய சீலை அதன் மேல் வைத்து, அளவான பி.வி.சி குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்காரவைத்தோம்.

எண்ணெய் ஊற்றும் நேரம் வந்தது. கைநூலில் மில்லிலீற்றர் கணக்கு இருந்தது; எங்களிடம் அளவுப் பாத்திரம் இல்லை. காலைத் தாங்கித் தாங்கி வந்த என் மனைவி, சின்னவளின் பழைய பால் போத்தலை நீட்டினாள். “இதில கோடு போட்டிருக்கு. ரெண்டு காலுக்கும் ஒரே அளவா ஊத்துங்க” என்றாள். அப்படியே ஊற்றினோம். அந்தப் போத்தல் இனிச் சமையலறைக்குத் திரும்பாது. ஆயுதப் பெட்டியில்தான் இருக்கிறது.

அவள் அப்படி நின்றபோது எனக்கு ஹுதைபிய்யா நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டு. உடன்படிக்கை முடிந்து, பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியும், துயரத்தில் தோழர்கள் எவரும் எழவில்லை. நபியவர்கள் கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் அதைக் கூறினார்கள். யாரோடும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே முதலில் அறுத்து முடி களையுமாறு அன்னையார் ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அதை ஏற்றுச் செய்தார்கள். தோழர்கள் அனைவரும் எழுந்தனர். இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாக வகுப்பில் கற்பித்து வருகிறேன். அல்லாஹ்வின் தூதரே மனைவியின் சொல்லைக் கேட்டார்கள்; நானோ விறாந்தையைக் கூட்டும் ஒருத்தியின் கண்ணை நம்பவில்லை. கற்பித்தது நாவில் இருந்தது, வீட்டில் இருக்கவில்லை. அன்று மகனின் முன்னிலையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்பு “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டபோதும் அவன் அங்கே இருந்தான் அல்லவா?

கடைசியில் பேட்டுகளை மாற்றி, பிரேக் தட்டைக் கராஜ் தம்பி தந்த பிரேக் கிளீனரால் துடைத்தோம். மண்ணெண்ணெய் பாவித்தால் பிசுக்குத் தங்கும். பிரேக் நெம்பைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வந்த பின்னரே, ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை நாளை காலை ஒருமுறை பாருங்கள். முன் காலின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறதா? சில்லடியில் கறை இருக்கிறதா? பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் வழமையை விட அதிகமாகப் புதைந்து எழும்புகிறதா? இருந்தால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள். அந்த வாகனத்தின் பின்னால் அமர்வது நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அல்லவா? சகோதரர்கள் எவரேனும் இதை வாசித்தால், மூன்றாம் முறை வரை காத்திராதீர்கள்.

மறுநாள் சுபஹுக்குப் பின், சில்லடியில் விரித்திருந்த அட்டையை அவள் எடுத்துப் பார்த்தாள். புதிய சொட்டு எதுவும் இல்லை. என்னிடம் காட்டிவிட்டு, கூட்டுவதைத் தொடர்ந்தாள்.

நம் வீட்டாரின் சொல்லுக்குச் செவி கொடுக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.