மாதிரியில் ஒரு பிழை

போன பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தேன். லீவுக்கு வந்திருந்த பேத்தி கம்ப்யூட்டர் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். பைதான் மொழியின் முதல் பாடம். திரையில் ‘வணக்கம்’ என்று வர வேண்டும், அவ்வளவுதான். கையேட்டில் இருந்த மாதிரி வரியை அப்படியே எடுத்து ஒட்டியும் பிழை என்றே வந்தது. “எனக்கு இதெல்லாம் வராது தாத்தா, மூளை போதல” என்றாள்.

எனக்குப் பைதான் தெரியாது. ஆனால் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். திக்தே எழுதும்போது மேற்கோள் குறியைத் திறக்க ஒரு வடிவம், மூட ஒரு வடிவம் சரியாகப் போடாவிட்டால் முசே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் கண் நேரே மேற்கோள் குறிக்குத்தான் போயிற்று. இரண்டும் வளைந்திருந்தன. அவள் கீபோர்டில் தட்டினால் வருவதோ நிமிர்ந்த குறி. பழைய டைப்ரைட்டரில் திறக்கவும் மூடவும் ஒரே சாவிதானே, அதே குறி. “இதை அழித்துவிட்டு நீயே தட்டிப் பாரம்மா” என்றேன். வணக்கம் வந்துவிட்டது!

காரணம் பிறகு புரிந்தது. கட்டுரை எழுதும் மென்பொருள் அழகுக்காக நிமிர்ந்த குறியைத் தானாகவே வளைத்துவிடுகிறது. படிக்கிற கண்ணுக்கு அது உறுத்தாது. பைதான் அதை மேற்கோள் குறியாகவே ஏற்காது.

கையேட்டில் இருந்த முகவரிக்கு எழுதிப் போடலாம் என்றேன். “நமக்குத்தான் சரியாயிடுச்சே, எதுக்கு தாத்தா?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய பதில் உண்டு. சர்வீசில் இருந்தபோது, குடும்ப ஓய்வூதியத்துக்கான மாதிரி விண்ணப்பம் ஒன்றில் விதி எண் தவறாக அச்சாகியிருந்தது. என் பிரதியில் பேனாவால் திருத்திக்கொண்டேன், மேலே எழுதவில்லை. கிராமத்து அம்மா ஒருவர் வேறொரு பிரதியைப் பார்த்து எழுதிக் கொடுத்து, மூன்று முறை மனு திரும்பி வந்தது. “படிக்காதவ சாமி, நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்றார். தப்பு அவருடையது அல்ல என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் டொனால்ட் குனுத், தம் நூல்களில் முதலில் பிழை கண்டு சொல்பவருக்கு 2008 வரை 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பிவந்தார். பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்களாம். பிழையைச் சொன்னவருக்கு நன்றி சொல்லும் பெரிய மனது அது.

பேத்தி தட்ட, நான் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த ஆபீஸ் நடையில் கடிதம் போயிற்று: “முதல் பாடத்தில் உள்ள வளைந்த குறிகளுக்குப் பதில் நிமிர்ந்த குறிகள் எனத் திருத்திப் படிக்கவும்.”

பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த மாதம் நினைவூட்டல் அனுப்புவேன். அதற்கும் எனக்கு நடை தெரியும்.