வாயில்லா ஜீவனுக்கும் உறவுண்டு

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், எங்கள் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் பூனையும் தங்கைப் பூனையும் இருக்கின்றன. இப்போது தங்கை சினையாக இருக்கிறது. குட்டிகளுக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டாள். கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த நான் நிமிராமலேயே, "வாயில்லா ஜீவனுக்கு ஏதம்மா உறவுமுறை?" என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

பிறந்த நான்கு குட்டிகளில் மூன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உறவுச் சேர்க்கைதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. குட்டிகள் நோயாலும் மடிவதுண்டு. ஆயினும் அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதுதான் தவறான விடை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டு, வகுப்பில் விளக்கினேன். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக வருகிறது. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றொன்று ஈடுகட்டிவிடும். உடன்பிறந்தவை இணையும்போது, ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்புப் பெருகுகிறது.

நம் அண்டை நாட்டின் பெயரைத் தாங்கிய 'சிங்கப்பூரா' பூனையினமே இதற்குச் சான்று. 1975இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று பூனைகளிலிருந்து தொடங்கிய இனம் அது. சிங்கப்பூர் அதனை 1991இல் 'குச்சிந்தா' என்னும் பெயரில் சுற்றுலாச் சின்னமாக்கியது. ஆனால், 2008இல் வெளியான ஆய்வொன்று, தான் சோதித்த இனங்களுள் மரபணு வேறுபாடு மிகக் குறைந்தவை பர்மீஸும் சிங்கப்பூராவும் எனக் காட்டியது. சிவப்பணுக்கள் சிதைந்து சோகை உண்டாகும் பைருவேட் கைனேஸ் குறைபாடு சிங்கப்பூராவில் காணப்படுகிறது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் பழுதான படி வந்தால்தான் அந்நோய் தோன்றும். பெற்றோர்ப் பூனைகள் பார்வைக்கு நலமாகவே இருக்கும். மரபணுச் சோதனை செய்து பார்த்தே இணை சேர்க்க வேண்டும்.

பெற்றோர்களே, ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும். ஆகவே, ஐந்து மாதம் நிறையுமுன் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிடுங்கள். அதுவரை ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள்.

எஞ்சிய ஒரு குட்டி நன்றாக வளர்கிறது. அதற்கும் தாய்ப்பூனைக்கும் கருத்தடை செய்தாயிற்று என்று அவளே வந்து சொன்னாள். இம்முறை நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.