பெஷாவரின் இரு பந்திகள்

சென்ற மாதம் என் தங்கை மகன் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தான். இரவு உணவு முடிந்ததும், "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று கைபேசியை நீட்டினான். பாங்காக்கில் வாழும் அமெரிக்கரான மார்க் வீன்ஸ், பாகிஸ்தானின் பெஷாவர் நகரில் உணவருந்தும் காணொளி அது. 'உப்புச் சந்தை' எனப் பொருள்படும் நமக் மண்டியில், ஆட்டிறைச்சியை உப்பு மட்டுமே இட்டு, கொழுப்புத் துண்டுகளோடு கம்பியில் கோத்துத் தணலில் வாட்டுகின்றனர். கடல் கடந்து வந்த அந்நியரை அன்போடு உபசரிக்கின்றனர்.

எனக்கு வெட்கமாயிருந்தது. பெஷாவர் என்றதும் என் நெஞ்சில் எழுவது ஒரே காட்சிதான். 2013 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள அனைத்துப் புனிதர் ஆலயத்தில் வழிபாடு முடிந்து, வளாகத்தில் வழங்கப்பட்ட சோற்றுக்காக மக்கள் கூடிய வேளையில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிறு மறையுரையில் அந்நகரையே 'இரக்கமற்ற ஊர்' என்றேன். அக்டோபரில், லாகூரின் புனித அந்தோனியார் ஆலயத்திற்குக் காவலாக முஸ்லிம்கள் கைகோத்து நின்ற செய்தியை வாசித்தேன்; அதை மக்களுக்குச் சொல்லாது விட்டேன். பீடத்தில் நின்று நான் தீட்டிய சித்திரத்தைத் திருத்த, உணவு தேடிச் சென்ற ஓர் அயல்நாட்டவர் வரவேண்டியிருந்தது!

2018, 2019 ஆண்டுகளை ஒட்டி இத்தகைய காணொளிகள் பல வெளிவந்தன. 2019-இல் பாகிஸ்தான் அரசு இணையவழி விசா முறையைத் தொடங்கிப் பயணிகளை வரவேற்றது. ஆயினும், அவ்வாண்டு இஸ்லாமாபாத்தில் நடந்த சுற்றுலா மாநாட்டையொட்டி, அந்நாட்டில் பலகாலம் சுற்றிய அமெரிக்கப் பெண்மணி அலெக்ஸ் ரேனால்ட்ஸ், இனிய முகத்தை மட்டுமே காட்டுவது பிறரைத் தவறாக வழிநடத்தும் என எச்சரித்தார். விருந்தினராய் அழைத்துச் செல்லப்படுவோர்க்கு வாய்க்கும் பாதுகாப்பும் வசதியும், தனியே செல்லும் எளிய பயணிக்கு வாய்ப்பதில்லையே!

காணொளி முடிந்ததும் மருமகனிடம் அந்த ஆலயத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் அறிந்திருக்கவில்லை. "அப்படியா மாமா?" என்றவன், கைபேசியை அணைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். நமக் மண்டியின் பந்தியை அவன் அறிந்திருந்தான். சோற்றுக்காக நின்ற மக்களின் பந்தியை நான் அறிந்திருந்தேன். இரண்டும் ஒரே ஊர்.

மறு ஞாயிறு மறையுரையில், பல ஆண்டுகளுக்கு முன் சொல்லாது விட்ட லாகூர்ச் செய்தியைச் சொன்னேன். பெஷாவரில் மாண்டவர்களுக்காகவும், அங்கே தணலருகே நின்று விருந்தோம்புகிறவர்களுக்காகவும் சேர்த்தே செபித்தோம்.