‘ப்ளீஸ் அட்வைஸ்’னா என்னங்க?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து மூன்றே வாரமான பெண்ணுக்கு ஜெர்மனி பையரிடமிருந்து மெயில் வருகிறது. லேப் டிப், அதாவது சாயம் போடும் முன் கலர் பார்க்க அனுப்பும் துண்டுத் துணி, எப்போது வரும் என்று கேட்டுவிட்டு, கடைசியில் ‘ப்ளீஸ் அட்வைஸ்’.

தமிழ் மீடியத்தில் படித்தவர். நம்மிடம் போய் ஆலோசனை கேட்கிறாரே என்று பூரித்து, இந்த நீலத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நீலம் எடுப்பாக இருக்கும் என்று நான்கு வரி எழுதிவிட்டார். தேதி மட்டும் இல்லை.

மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். “அட்வைஸ் எல்லாம் நம்மூர்லதான் அம்மிணி. அவன் கேக்கறது தேதி.”

தவறு அவருடையது மட்டுமல்ல. தமிழில் ‘அட்வைஸ்’ என்றாலே கல்யாண வீட்டில் பெரியப்பா ஆரம்பிப்பதுதான். ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தெரியப்படுத்துவது. வங்கி அனுப்பும் ‘பேமென்ட் அட்வைஸ்’ புத்திமதி சொல்வதில்லை, பணம் போட்டாயிற்று என்று சொல்கிறது. தூத்துக்குடியில் சரக்கு ஏறியதும் பையருக்குப் போகும் ‘ஷிப்மென்ட் அட்வைஸ்’ கப்பல் பெயரையும் கன்டெய்னர் நம்பரையும் சொல்கிறது. இதில் ஒரு வேடிக்கை, ஆலோசனை என்ற பொருளில் அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது. அறிவிப்புச் சீட்டு என்றால் ‘அட்வைசஸ்’ என்று எண்ணலாம். (பெரியப்பா சொல்வதை எப்படியும் எண்ண முடியாது.)

மெயிலில் அர்த்தம் மாறினால் ஒரு நாள் வீண். எல்.சி.யில் மாறினால் கதையே வேறு.

வெளிநாட்டு பையரின் வங்கி திறக்கும் எல்.சி., நம்மூர் வங்கி வழியாகத்தான் வருகிறது. அதற்குப் பெயர் ‘அட்வைசிங் பேங்க்’. “நம்ம பேங்க்ல இருந்தே லெட்டர் வந்துருச்சு” என்று தெம்பாகி, நூலைக் கடனுக்கு எடுத்து, சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் வட்டிக்கு வாங்குகிறவர் உண்டு. ஆனால், 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி. பார்வைக்கு உண்மையானதுதானா என்று சரிபார்த்துத் தெரிவிப்பதே அந்த வங்கியின் வேலை. பணம் தருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு எல்.சி. திறந்த வங்கியுடையது. அது கைவிரித்தாலும் நம் பக்கத்து வங்கி தர வேண்டும் என்றால், அந்த வங்கி ‘கன்ஃபர்ம்’ செய்திருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். ‘அட்வைஸ்’, ‘கன்ஃபர்ம்’ இரண்டையும் ஒன்றாக நினைப்பவருக்குத்தான் ஆபத்து.

சில மாதம் கழித்து ஒரு எல்.சி. அந்தப் பெண்ணின் மேஜைக்கு வந்தது. ‘அட்வைஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய நீலம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அக்கவுன்டன்டிடம் கேட்டார்.

“அவங்க சொல்றதோட சரிங்க. 49ஆம் நம்பர் கட்டத்தைப் பாருங்க.”

கன்ஃபர்மேஷனுக்கான அந்தக் கட்டத்தில் ஒரே சொல்: ‘வித்தவுட்’.

காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார்.