அளவுகோல் இல்லாத தையல்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க ஊரே வருகிறது. அந்தச் சாலையை ஒட்டிய சந்துகளில் தையல் மெஷின் ஓடும் வீடுகளும் சிறு யூனிட்களும் இருக்கின்றன. வெட்டுமேசைக்குக் கீழே விழும் துண்டுகள் அங்கிருந்து சாக்குச் சாக்காக வெளியே போகின்றன. வியாபாரத்தில் அதற்குப் பெயர் கட்டிங் வேஸ்ட். எடை போட்டு விற்கிற சரக்கு. வெள்ளைப் பருத்திக்கு விலை கூடுதல் என்பதால் பட்டறைக்காரர்களுக்காக அதை முதலில் பிரித்துவிடுவார்கள். பனியன் துணி எண்ணெயை நன்றாக உறிஞ்சும். அது லேத் பட்டறைக்கும் விசைப்படகின் இன்ஜின் அறைக்கும் போய்விடும். கடைசியில் தங்குபவை வண்ணத் துண்டுகள்: ஜாக்கெட் தைத்து மிஞ்சிய ரூபியா, சுடிதார் ஓரம், லைனிங், பூப்போட்ட நைட்டித் துணி. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை பெண்கள் வீட்டில் தைக்கும் கால்மிதியும் பிடிதுணியும் இந்த வண்ணங்களிலிருந்துதான் பிறக்கின்றன.

நான் சிறிய குயில்ட்கள் தைக்கிறவள். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், சுவரில் மாட்டும் அளவு. மேல்துணி, நடுவில் ஓர் அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து ஓட்டத் தையல் போட்டால் அது குயில்ட். வங்கத்தில் காந்தா, பிகாரில் சுஜனி, கர்நாடகத்தில் கௌதி என்று இந்தியா முழுக்க இதற்கு உறவுகள் உண்டு. வரைபடம் போடாமல், துண்டுகளைக் கையில் எடுத்து, பார்த்துப் பார்த்துச் சேர்க்கும் முறை எனக்குப் பிடித்தது. அந்த முறையைப் பிழைப்பாகவே செய்கிறவர்களிடம் கற்க வேண்டும் என்றுதான் வடசென்னைக்குப் போனேன்.

திருவொற்றியூர் காலாடிப்பேட்டையில் ஓர் ஒற்றை அறை வீடு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பகுதி இது. இன்று அந்தத் தெருவில் தறிச் சத்தம் என் காதில் விழவில்லை. அந்த வீட்டில் தைக்கும் ஓர் அக்காவின் மிதிமெஷின் மட்டும் கதவோரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பதைக் கடந்தவர். முன்பு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தவர்.

"உக்காரு கண்ணு. அங்க ஒரு வருசம் காலர் மட்டும், அப்புறம் கை மட்டும். ஒரு சட்ட முழுசா நான் தெச்சதே இல்ல," என்றார்.

சாக்கைக் கவிழ்த்தார். முதலில் தரம் பிரிப்பது. சந்தேகமான துண்டில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவார். பருத்தி சாம்பலாகி உதிரும், பாலியஸ்டர் உருண்டு கெட்டிப்படும். கெட்டிப்படுவது கால்மிதிக்குப் போகும். பருத்தி தனிக் குவியல். சிவப்பையும் மெரூனையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார், சாயம் இறங்கினால் பக்கத்துத் துண்டும் கெடும். பிறகு ஸ்கேல், டேப், சாக்பீஸ் எதையும் தொடவில்லை. இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, கண் அளவில் கால் அங்குலம் விட்டு ஒரு தையல். விரித்து, மடிப்பை நகத்தால் தேய்த்துவிட்டு, அடுத்த துண்டு. கோணலாகிப் போன இடத்தில் தையலைப் பிரிக்கவில்லை. அப்படியே குறுக்கே கத்தரித்து, நடுவில் மெல்லிய மஞ்சள் பட்டை ஒன்றை நுழைத்தார். அந்த மஞ்சள் வந்த பிறகுதான் அந்தத் துண்டுக்கு உயிர் வந்தது.

கிராஸில் வெட்டிய ஜாக்கெட் பிட்டு இழுத்தால் நீளும். அதற்கு இரு பக்கமும் நேரிழைத் துண்டு வைத்தால் பிடித்துக்கொள்ளும். நடு அடுக்குக்கு அவர் பஞ்சு ஷீட் வாங்குவதில்லை. துவைத்துத் துவைத்து இளைத்த பருத்திப் புடவையோ வேட்டியோ போதும். கடலோர வெக்கையில் பாலியஸ்டர் பஞ்சு உடம்பைச் சுடும். பச்சைக் குழந்தைக்கு அடியில் விரிக்கவும் இந்தப் பழந்துணிதான் இதம்.

"எந்தத் துண்டுக்குப் பக்கத்துல எது வரணும்னு எப்படிக்கா முடிவு பண்றீங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் பச்சைய தனியா பாரு, கண்ணு கூசுது. பக்கத்துல இந்த மண்ணு கலர வெச்சுப் பாரு. அடங்கிடுச்சா? அவ்ளோதான் கண்ணு."

மெஷினுக்கு மேல், ஆணியில், சிறு சதுரங்கள் சில தொங்கின. விற்பதற்கு இல்லை, தனக்காகத் தைத்தவை. ஒன்றில் சாம்பல் நிறத்துக்கு மேலே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் நெட்டைப் பட்டை. எண்ணூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்த அனல்மின் நிலையப் புகைபோக்கி என்றார். இன்னொன்றில் நீலத்துக்கு நடுவே கறுப்புக் கீற்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது தைத்தது. உறவினர் படகிலும் வலையிலும் படிந்திருந்த கறுப்பை நேரில் பார்த்துவிட்டு வந்த இரவில் உட்கார்ந்தாராம். "ஏன் இவ்வளவு சின்னதா தைக்கறீங்க?" என்றதற்கு, "சின்னதுன்னா பயம் இல்ல. கெட்டாலும் இன்னா போச்சு? பெருசுன்னா கை நடுங்கும்," என்றார்.

கலைப் பள்ளிகளில் நெடுநேரம் விளக்கப்படும் ஒன்றை இந்தப் பதில் தீர்த்துவைக்கிறது. சிறிய பரப்பில் துணிவு மலிவாகக் கிடைக்கும். ஒரு மாலையில் முடிகிற வேலையில் இரண்டு நிறங்களை மோதவிட்டுப் பார்க்கலாம். அதில் கற்றது அடுத்த துண்டுக்கு உடனே போய்ச் சேரும். கற்பனை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கண் பார்த்ததைக் கை அன்றே எழுதிவிட வேண்டும்.

அவர் சொல்லி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்களைப் பார்க்கத்தான். கிழிந்த இடத்தைச் சுற்றிப் பிய்ந்த கண்ணிகளை முதலில் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு வலை ஊசியில் கையிலுள்ள நூலைச் சுற்றி, கண்ணி கண்ணியாக நிரப்புகிறார்கள். பச்சை வலையில் நீல ஒட்டு, நீல வலையில் வெள்ளை ஒட்டு. எந்தக் கிழிசலும் முந்தைய கிழிசல் மாதிரி இருப்பதில்லை, ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் திரும்பும்போது கன்டெய்னர்களின் துருவேறிய ஆரஞ்சையும் வெளிறிய நீலத்தையும், கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்களையும், குப்பத்து வீடுகளின் கூரையில் விரித்த பழைய பேனர் துண்டுகளையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். படமாக வரையவில்லை, எது பெரிது, எது சிறிது, எந்த நிறத்தை எது தொடுகிறது என்பதை மட்டும்.

தொழிற்சாலை மிச்சத்திலிருந்து இப்படியொரு கலை வேறிடத்திலும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடைகளைக் கிழித்து, குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அந்த வட்டாரத்தில் 1966இல் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவு தொடங்கியது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. உறைகள் எல்லாம் ஒரே அச்சு. வீட்டுக்கு வந்த வெட்டுத் துண்டுகளிலோ ஆளுக்கொரு விதமான குயில்ட்கள் பிறந்தன. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் அவ்வூர்க் குயில்ட்களைக் காட்சிக்கு வைத்தன. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாக்கியது.

இன்னும் பக்கத்தில், வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் குயில்ட் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணியில் பூ வைக்காமல் கவந்தி முழுமை பெறாது.

துணியின் வரலாறு வடசென்னைக்கு ஒன்றும் புதிதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகள் வண்ணாரப்பேட்டையில்தான் வெளுக்கப்பட்டன. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கா போனது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தின் கலாபாரி மக்கள் அந்தக் கட்டங்களிலிருந்து தேர்ந்தெடுத்த இழைகளை அறுத்து உருவி, தங்கள் சொந்த உருவங்களை அதில் கொண்டுவந்தார்கள். வந்த துணியைத் தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் அந்த உரிமையைத்தான் காலாடிப்பேட்டை அக்காவும் எடுத்துக்கொள்கிறார். கம்பெனியில் காலரின் அளவை வேறு யாரோ முடிவு செய்தார்கள். இங்கே, குப்பைக்குப் போக இருந்த துண்டில், முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சுவரை முடிவு அவருடையது.

ஆனால் அந்த முடிவுக்குச் சந்தையில் கூலி கிடையாது. கால்மிதிக்குப் பீஸ் கணக்கில் பணம். ஒரே மாதிரி நூறு வேண்டும் என்பார் வாங்குகிறவர். முதுகு வலியும் கண் எரிச்சலும் தைக்கிறவர் கணக்கில். நகரத்தின் மறுபக்கத்தில் குயில்டுக்கு மதிப்பு வளர்ந்திருக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையிலேயே இந்திய குயில்ட் திருவிழா நடந்தது. அத்தகைய மேடைக்கும் திருவொற்றியூர்ச் சந்துக்கும் நடுவே உள்ள தூரம் குறைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏற்பாட்டாளர்கள் சாக்குத் துணி வரும் வீடுகளுக்கு நடந்து வரலாம். கைவினைக் கடைகள் நூறு ஒரே மாதிரியைக் கேட்பதற்குப் பதில், வேறு வேறான பத்தைக் கேட்டு அதற்குரிய விலை கொடுக்கலாம். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தைத்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் நூலால் எழுதப்பட வேண்டும். பெயர் இல்லாத பொருளுக்கு எடைக்கு எடை விலைதான் கிடைக்கும். பெயர் இருந்தால், "இது நான் தைத்தது, இவ்வளவு கொடுங்கள்" என்று அவரால் கேட்க முடியும்.